லயத்துக்குள் பெற்றோல் வேலை வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளாவது கழற்றிக் கிடக்கும். கராஜ் செலவு நாட்சம்பளத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே நம் பிள்ளைகள் தாங்களே வேலை பழகிக்கொள்வதை நாம் குறை சொல்லவில்லை. வேலை நடக்கும் இடம்தான் நம்மைப் பயமுறுத்துகிறது.

மழை வந்தால் வண்டி இஸ்தோப்புக்குள் ஏறிவிடுகிறது. பல வீடுகளில் அடுப்பும் அங்கேதான். அங்கேயே காபரேட்டரைக் கழற்றுகிறோம், செயினைப் பெற்றோலில் கழுவுகிறோம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படர்ந்து அடுப்பு வரைக்கும் போகும். அங்கே பற்றிய நெருப்பு கண்மூடித் திறப்பதற்குள் பெற்றோல் சட்டிக்கு வந்துவிடும்.

தனி வீடு என்றால் ஒரு வீட்டோடு போகும். லயத்தில் அப்படியில்லை. ஒரே கூரை, ஒரே வரிசை. லயம் எரிந்து, உடுத்த துணியோடு குடும்பங்கள் பாடசாலையில் போய்த் தங்கியதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் சாம்பலாகிப் போகின்றன.

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது கேனிலும் போத்தலிலும் வாங்கி வைக்கப் பழகினோம். சில வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கட்டிலுக்கடியில் பெற்றோல் கேன் இருக்கக் கூடாது.

வண்டி வேலையை வெளியே, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாகச் செய்வோம். வாயில் பீடி, சிகரெட் வேண்டாம். செயினைக் கழுவ மண்ணெண்ணெய் போதும். அதையும் நெருப்புக்குத் தள்ளியே வைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைத்தால் விரல் போய்விடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, சில்லைக் கையால் சுற்றித் துடைக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகையில் மணமே இல்லாத நச்சு வாயு உண்டு. பெற்றோல் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெருப்பு மிதந்து பரவும். மணலை அள்ளிக் கொட்டுங்கள்.

"வெளியே என்றால் எங்கே?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. எட்டடிக் காம்பராவில் மனிதர் படுக்கவே இடமில்லை. அதனால் எச்சரிக்கையோடு நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. லயத்திலிருந்து தள்ளி ஒரு தகரக் கொட்டில், அதில் இரண்டு வாளி மணல்: நிர்வாகத்துக்கு இது பெரிய செலவல்ல. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுப்போம். தனி வீடு கிடைக்கும்வரை நம் பக்கத்து வீட்டாரின் உயிரும் நம் கையில்தான் இருக்கிறது.