அவன் போட்ட கணக்கு

தலைப்பில் இருக்கும் அவன் யாரோ ஒரு பையன் இல்லை. எங்கள் வீட்டு ஓவன் :-) கேக் செய்யப் போகிறோம் என்று வாங்கி, மூன்றாவது மாதமே அப்பளக் கட்டு வைக்கும் அலமாரியாகிப் போனது. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்து, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் அதற்கு மறுவாழ்வு.

"எண்ணெயில் பொரிக்காத ஃபிரைஸ், ஹெல்த்தி, செலவும் கம்மி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். காமர்ஸ் படிக்கிறவர்கள் இதை அப்படியே நம்பலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தர்மபுரியில் இருந்துகொண்டு உருளைக்கிழங்கு எதற்கு? அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போனால் வயல் வயலாகக் குச்சிக்கிழங்குதான் (வெளியூர்க்காரர்களுக்கு மரவள்ளி). பெரும்பாலும் சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகத் திரும்பி வரும். அதில் அரை கிலோ வாங்கினேன்.

முதல் முறை பச்சையாகவே நறுக்கி ஓவனில் வைத்தேன். வந்தது ஃபிரைஸ் இல்லை, விறகு. அம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது. குச்சிக்கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. தோலை நன்றாக உரித்து, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நடு நாரையும் எடுத்துவிட்டு, விரல் கனத்துக்கு நறுக்கி, துணியில் ஈரம் போக உலர்த்தி, ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துப் பிசறி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்ப வேண்டும். 10 நிமிடம் சூடாக்கிய ஓவனில், 200 டிகிரியில் அரை மணி நேரம். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடவும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருகவிட்டால் அக்ரிலமைடு கூடும். 2002-இல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டு சொன்னது இது. எண்ணெயில் பொரித்தாலும் சரி, ஓவனில் சுட்டாலும் சரி, மாவுப்பொருள் சிவக்கும்போது வருவதுதான்.

இப்போது செலவு. கிழங்கு 20 ரூபாய், எண்ணெய் மசாலா 5, கேஸ் 5. ஓவன் 1500 வாட், 40 நிமிடம் என்றால் அதிகபட்சம் ஒரு யூனிட், அதற்கு ஒரு 5. மொத்தம் 35 ரூபாயில் நாலு பேருக்கு. மலிவுதான்! மேலும், பொரித்தால் மிஞ்சும் எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சும் தொல்லையும் இல்லை. கடைகளில் அப்படிக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 ஜூலையிலிருந்து 25 சதவீத போலார் கூட்டுப்பொருள் என்று வரம்பு உண்டு. நம் வீட்டு வாணலியை யார் அளக்கிறார்கள்?

ஆனால் தேய்மானம்? ஓவன் 5000 ரூபாய், ஆயுள் 5 வருடம், நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 1000. வாரம் ஒருமுறை செய்தால் ஒரு தடவைக்கு 19 ரூபாய். மாதம் ஒருமுறை என்றால் 83! கிழங்கை விட ஓவன் விலை அதிகம். ஆகவே இதற்காகவே ஓவன் வாங்காதீர்கள். வீட்டில் சும்மா தூங்குவதை எழுப்புங்கள்.

நான் தவறவிட்ட கணக்கு வேறு. "எண்ணெயே இல்லையே, இன்னும் கொஞ்சம் போடு" என்று அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். நானும் பெருமையாகப் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் 260. வழக்கமாக 180 தாண்டாதவர். புத்தகத்தைப் புரட்டினால், 100 கிராம் உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சுமார் 17 கிராம், குச்சிக்கிழங்கில் சுமார் 38. ஓவன் எண்ணெயைத்தான் கழித்தது, மாவைக் கழிக்கவில்லை. ஹெல்த்தி என்ற ஒரு வார்த்தை எங்கள் இருவர் கண்ணையும் கட்டிவிட்டது.

இப்போது அப்பாவுக்கு கேரட், பீட்ரூட் (100 கிராமுக்குச் சுமார் 10 கிராம்தான்). அரை கிலோ போட்டால் சுருங்கி ஒரு கைப்பிடி ஆகும், மொறுமொறுப்பும் குறைவுதான். குச்சிக்கிழங்கு எனக்கும் தம்பிக்கும். அவர் தட்டில் அதில் நாலே நாலு துண்டு.

ஓவன் ஃபிரைஸ் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் "எண்ணெய் இல்லை" என்றால் வரவில் ஒரு வரி எழுதியாயிற்று, அவ்வளவுதான். பற்றுப் பக்கத்தையும் பார்த்துவிட்டுப் பரிமாறுங்கள், குறிப்பாக அப்பா அம்மாவுக்கு.