‘ஜட்கா’ என்ற ஒரு சொல் போதாது

பணி ஓய்வு பெற்ற நம் மும்பைத் தமிழர் வீடுகளில் ஆட்டோமாடிக் கார் இப்போது அபூர்வமல்ல. முழங்கால் ஒத்துழைக்காதபோது கிளட்ச் இல்லாத வண்டி ஓர் ஊன்றுகோல் மாதிரி. ஆனால் அவற்றில் பல, பத்து வயதைத் தாண்டியவை. ஒரு நாள் கியர் மாறும்போது வண்டி இடிக்கும். கராஜுக்குப் போய், நமக்குத் தெரிந்த இந்தியில் “ஜட்கா மார்தா ஹை, கியர்பாக்ஸ் கராப் ஹோ கயா” என்போம். மிஸ்திரியும் தலையாட்டுவார். அவர் சொல்லும் தொகை சில வேளைகளில் காரின் விலையையே எட்டிவிடும். பென்ஷன்தாரர் அதைக் கேட்டுவிட்டு வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்.

இதில் மிஸ்திரியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல என்பது என் கருத்து. தீர்ப்பை நாமே எழுதிக்கொண்டு போகிறோம், அவர் கையெழுத்துப் போடுகிறார்.

நான் டிப்ளமோ முடித்து, டீசல் ஷெட்டில் காலம் தள்ளியவன். அங்கே என்ஜினைக் கொண்டுவந்து விடுபவர் ரிப்பேர் புத்தகத்தில் அறிகுறியை எழுத வேண்டும். எதை மாற்றுவது என்பதைச் சோதித்த பிறகு ஷெட் முடிவு செய்யும். லோகோ பைலட்டுகளிடம் ‘டிரபிள் ஷூட்டிங் டைரக்டரி’ என்று ஒரு கையேடு உண்டு. இன்ன கோளாறு என்றால் முதலில் இதைப் பார், அது சரியாக இருந்தால் அடுத்ததைப் பார் என்று வரிசை சொல்லும். காருக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

முதலில் நம் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். 2014-இல் செலேரியோவுடன் வந்த ஏ.எம்.டி. வகையில் இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தான். அவற்றை இயக்க மட்டும் ஒரு கருவி. அதில் சிறு குலுக்கல் இயல்பு. சி.வி.டி.யில் கியர் படிகளே இல்லை. பழைய ஐ10 போன்றவற்றில் இருப்பது டார்க் கன்வர்ட்டர். எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துவது. ரயில்வேக்கும் இது பழக்கமானதே. சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூ.டி.எஸ்.-4 ஷண்டிங் என்ஜினில் பொறியாளர் எம்.எம். சூரி உருவாக்கிய டிரான்ஸ்மிஷன் இருந்தது. அதிலும் தொடக்க இழுவை எண்ணெய் மூலமே. இங்கே பேசுவது இந்த வகையைப் பற்றி.

நாம் ‘ஜட்கா’ என்று ஒரே சொல்லில் அடக்குவது உண்மையில் நான்கு வேறு கோளாறுகள்.

‘டி’யிலோ ‘ஆரி’லோ போட்டபின் வண்டி நகர இரண்டு மூன்று விநாடி ஆனால் அது தாமதம். எண்ணெய் குறைவு, அல்லது உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிப்போனது காரணமாகலாம். என்ஜின் சுற்று ஏறியும் வேகம் ஏறாவிட்டால் அது வழுக்கல். எண்ணெய் அழுத்தம் குறைந்திருக்கலாம், கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கலாம். மாறும்போது மட்டும் பலமாக இடித்தால் வால்வ் பாடியோ சாலினாய்டோ காரணமாகலாம். ஆனால் என்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்தாலும், ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் இதே இடிதான் வரும். எப்போதும் ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவதில், வண்டி நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் பழுதைக் கண்டு தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது. அதற்கு ஒரு சென்சார், அல்லது மழைத்தண்ணீரில் துருவேறிய கனெக்டரே போதும்.

சோதனையைச் செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். முதலில் எண்ணெய். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளில், சூடான பிறகு என்ஜின் ஓடும்போதே அளவு பார்ப்பது பொது வழக்கம். ஹோண்டாவில் என்ஜினை நிறுத்தி உடனே பார்க்க வேண்டும். கையேட்டைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் புது எண்ணெய் சிவப்பாக இருக்கும். கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் சூடேறியிருக்கின்றன. பால் கலந்த இளஞ்சிவப்பு என்றால் தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் பழுதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும், ஏனென்றால் இந்த எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. கையேடு சொல்லும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் ஆகும்’ என்ற டப்பா வேண்டாம்.

அடுத்து பேட்டரியும் எர்த் இணைப்பும். மின்னழுத்தம் குறைந்தால் கம்ப்யூட்டர் இல்லாத பழுதையும் காட்டும். அதன் பிறகு ஸ்கேனர். பி-0700 என்று மட்டும் வந்தால் அதையே நோயின் பெயராக எண்ண வேண்டாம். ‘விவரம் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அங்கே பார்’ என்பதே அதன் பொருள். அதைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். பிறகு கேஜ் வைத்து எண்ணெய் அழுத்தம். இத்தனையும் முடிந்த பிறகுதான் கியர்பாக்ஸை இறக்கும் பேச்சு.

சில சமயம் இறக்கித்தான் ஆக வேண்டும். தீய்ந்த எண்ணெயில் உலோகத் துகள் மின்னினால் மனத்தைத் தேற்றிக்கொண்டு செலவு செய்யுங்கள், அல்லது வண்டியை விடுங்கள். வழுக்கும் வண்டியில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு லோனாவ்லா காட் ஏறுவது மட்டும் வேண்டாம்.

கராஜுக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு, என்ன வேகத்தில், எத்தனை நாளாக, கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது. “டண்டே மே டீக், கரம் ஹோனே பர் தூஸ்ரே ஸே தீஸ்ரே மே ஜட்கா” என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மிஸ்திரி நிமிர்ந்து பார்ப்பார், கேள்வி கேட்பார். கேள்வியே கேட்காமல் விலை சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.