ஏழு பருவங்களுக்கு அப்பால்

உலா இலக்கியம் கற்பிக்கையில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். பாட்டியல் நூல்கள் பேரிளம்பெண்ணின் எல்லையை 40 வயதோடு முடித்துவிடுகின்றன. அதற்குப் பின் அவளுக்கு வீதியில் இடமுமில்லை, பெயருமில்லை. கவிஞர்களின் கண்ணுக்கு அவள் தேவைப்படவில்லை என்று கடந்துவிடலாம். குடும்பமும் அவ்வாறே கடப்பதுதான் நம் கவலை.

இந்தியப் பெண்கள் பெரும்பாலோருக்கு மாதவிடாய் 45 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் நின்றுபோகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய ரத்தக் குழாய்கள் நெகிழ்ச்சியை இழக்கின்றன. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்., கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள்ளேயே குறிப்பிடத்தக்க அளவு உயர்கிறது. வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. இம்மாற்றங்கள் அனைத்தையும் மூப்பின் கணக்கில் எழுதிவிட இயலாது என்பதை அமெரிக்க இதயச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை விரிவாகப் பேசுகிறது. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கும், இளம் வயதிலேயே சினைப்பைகள் அகற்றப்பட்டவர்களுக்கும் இடர் இன்னும் கூடுதல். "எடுத்துப் போட்டாச்சு, இனித் தொல்லையில்லை" என்று அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களிடம் இதை யார் சொல்கிறார்கள்?

மாரடைப்பு என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் ஆணையே நம் திரைப்படங்கள் காட்டிப் பழக்கிவிட்டன. பெண்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மையான அறிகுறி. ஆயினும் அதனோடு மூச்சுத்திணறல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணம் புரியாத அயர்ச்சி ஆகியவை ஆண்களைவிட மிகுதியாக வருகின்றன. இவை அத்தனைக்கும் நம் வீடுகளில் ஒரே சொல்தான் உண்டு: வாயு. ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று, சோடா வாங்கிக் கொடுத்தாயிற்று, பொழுதும் போயிற்று. இத்தனை சொல்வளம் கொண்ட மொழியில் ஒரு பெண்ணின் உயிர்வலியைக் குறிக்க வயிற்றுக் கோளாறின் பெயரை இரவல் வாங்க வேண்டியிருக்கிறது! படபடப்பு என்றாலோ "மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்பார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் படபடப்பு இயல்பாகவும் வரக்கூடும், ஈ.சி.ஜி. எடுத்துப் பாராமல் அப்படித்தான் என்று எவ்வாறு முடிவுகட்டுவது?

ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 2002இல் அமெரிக்காவில் பெரும் ஆய்வொன்று பாதியில் நிறுத்தப்பட்டபோது அது ஆட்டங்கண்டது. இன்றும் இதயத்தைக் காப்பதற்கென்று மட்டும் அதைப் பரிந்துரைப்பதில்லை. எஞ்சியிருப்பவை எளியவை: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இம்மூன்றையும் அளந்து பார்ப்பது, நடப்பது, உப்பைக் குறைப்பது.

கணவரின் மூன்று மாதச் சர்க்கரை அளவைத் தசமப் புள்ளியோடு ஒப்பிக்கும் சக ஆசிரியைகள் நம் ஓய்வறையில் உண்டு. உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்றால், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று விடைத்தாள் கட்டைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.