இருபது ஆண்டு விருந்தாளி

அமெரிக்காவின் பிளாரிடாவில் மகள் வீட்டில் தங்கித் திரும்பிய பெரியவர் ஒருவர் சென்ற மாதம் நம்மைக் காண வந்தார். முகத்தில் கவலை. பன்னிரண்டு வயதுப் பேரன் பிறந்தநாள் பரிசாகப் பாம்பு கேட்கிறானாம். "பாம்பென்றால் படையே நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான், இதற்கு எவ்வாறு ஒப்புவேன்?" என்றார்.

அங்கே வீடுகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் நஞ்சற்றவை. ஆதலின் அஞ்ச வேண்டியது நஞ்சுக்கன்று. குட்டியின் அழகில் மயங்கி வாங்குவதற்கே அஞ்ச வேண்டும். பர்மிய மலைப்பாம்பின் கதையை அவருக்குச் சொன்னோம். குட்டியாக இரண்டடி நீளமே இருந்ததை ஆசையாய் வாங்கினர். சில ஆண்டுகளில் அது பத்தடியையும் தாண்டவே, வைத்திருக்க வகையறியாமல் சிலர் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விட்டனர். அங்கே அவை பெருகின. ரக்கூன் என்னும் சிறு விலங்கு அப்பகுதியில் கண்ணில் படுவது 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதென 2012இல் வெளியான ஆய்வு கூறிற்று. அவ்வாண்டே அமெரிக்க அரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. பிளாரிடாவில் இன்று அதனை வளர்ப்பதற்கென வாங்க இயலாது.

சிறுவனுக்கு ஏற்றது 'கார்ன் ஸ்நேக்' எனப்படும் சோளப்பாம்பு. அம்மண்ணுக்கே உரியது, சாதுவானது, பெரும்பாலும் நான்கைந்து அடியோடு வளர்ச்சி நின்றுவிடும். காட்டிலே பிடித்ததை வாங்கலாகாது. மனிதர் பராமரிப்பில் பொரித்த குட்டியே நன்று. அது இரை தின்பதைக் கண்ணால் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். வாயோரத்தில் நுரையோ, செதில்களிடையே கருநிறப் புள்ளிபோன்ற உண்ணிகளோ இருப்பின் வேண்டாம் என்று திரும்பிவிடுவதே அறிவு.

பாம்புக்குத் தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கும் ஆற்றல் இல்லை. எனவே கண்ணாடிப் பெட்டியின் ஒருபுறம் ஏறக்குறைய 30 பாகை செல்சியசு வெப்பமும், மறுபுறம் அதனினும் குளிர்ச்சியும் வேண்டும். ஒளிந்துகொள்ள மறைவிடமும், குடிக்க நீரும் வேண்டும். மூடி இறுகப் பூட்டப்பட வேண்டும். விரற்கடை இடைவெளி கிடைத்தாலும் வெளியேறிவிடும்! உணவு எலிதான். குட்டிக்கு வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்குப் பத்து நாளுக்கொருமுறை போதும். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறிவிடக்கூடும். ஆதலின் உறையவைத்த எலியை வாங்கி, உறைநீக்கி, வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பர். தின்றபின் இரண்டு நாள் தொடலாகாது. கண்கள் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறதென்று அறிந்து விலகியிருக்க வேண்டும்.

பேரனுக்கு மூன்று வயதுத் தங்கை உண்டு என்றார் பெரியவர். அவள் பாம்பைத் தொடவே கூடாதென அழுத்திச் சொன்னோம். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதனால் கடும் நோய் வரக்கூடும். மற்றவர்களும் தொட்டவுடன் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும்.

"நம் கொல்லைச் சாரையை வளர்த்தால் செலவில்லையே!" என்று அவர் சிரித்தார். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்றதும் சிரிப்பு நின்றது.

சோளப்பாம்பு இருபது ஆண்டு வரை வாழும். பையன் கல்லூரிக்குப் போனால் யார் பார்ப்பார் என்பதை இப்போதே பேசி முடிக்குமாறு கூறியனுப்பினோம். சென்ற வாரம் செய்தி வந்தது: தாய் பொறுப்பேற்க இசைந்துவிட்டாராம், ஆனால் எலிகளைத் தம் சமையலறைக் குளிர்பெட்டியில் வைக்க மட்டும் உடன்படவில்லை. தனிப்பெட்டி வாங்கும் வரை பாம்பு கடையிலேயே இருக்கிறது.