ஐந்தாம் ஆண்டில் கத்தி எதற்கு?

யூரியாவைக் கூட்டிப் போட்டு, தோட்டத்தில் புல்பூண்டு இல்லாமல் சுரண்டி வைத்தால் ஐந்தே ஆண்டில் ரப்பரில் பால் வெட்டலாம் என்ற வாதம் குலசேகரம், அருமனைப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களை எளிதில் இழுக்கிறது. ஏழு ஆண்டு வருமானமின்றிக் காத்திருப்பவரின் அவசரம் நியாயமானது. சொல்லப்படும் வழிதான் தவறு.

பால்வெட்டைத் தீர்மானிப்பது தண்டின் பருமன். ஒட்டுக்கன்று மரத்தில் ஒட்டுக்கு மேல் 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வேண்டும், 70 சதவீத மரங்களாவது அதை எட்டிய பிறகே கத்தி வைக்கலாம் என்கிறது ரப்பர் வாரியம். மெலிந்த மரத்தில் வெட்டினால் பருக்க வேண்டிய சத்து பாலாக வடிந்துபோகும். பட்டை மெல்லியது என்பதால் கத்தி கட்டையில் படும். அந்தக் காயத்தின் மேல் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும்.

யூரியா மட்டும் மிகுந்தால் தலை கனத்துக் காற்றில் மரம் முறியும்.

சரிவு நிலத்தைச் சுரண்டினால் மழையில் மேல்மண் போய்விடும். கன்றைச் சுற்றி வட்டமாகக் களையெடுத்து, இடைவெளியில் பியூரேரியா, முக்குனா போன்ற மூடுபயிரை வளர்த்தால் மண்ணும் நிற்கும், தழைச்சத்தும் சேரும். முக்குனாக் கொடி தண்டில் ஏறாமல் அவ்வப்போது இழுத்துவிட வேண்டும்.

வேகம் வேண்டுவோர் பருவமழைத் தொடக்கத்தில் நல்ல பைக்கன்றை நடட்டும். பக்கக் கிளைகளைத் தளிரிலேயே கிள்ளி, கோடையில் தூரில் தழை மூடாக்கிட்டு, தண்டுக்குச் சுண்ணாம்பு பூசட்டும். கைச்செலவுக்கு முதல் மூன்று ஆண்டுகள் ஊடுபயிராக வாழையோ அன்னாசியோ போதும்.