பெயரைக் கோராத ஊர்

வைன் பற்றி எழுதுவோரிடம் நமக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. பிரான்ஸின் ஒரு சிறு அப்பெலாசியோனைப் பற்றி, அதாவது தன் மதுவுக்குத் தன் ஊர்ப்பெயரை இட்டுக்கொள்ளும் சட்ட உரிமை பெற்ற நிலப்பகுதியைப் பற்றி எழுத நேர்ந்தால், முதல் பத்தியில் துறவிகள் வருவார்கள், இரண்டாவதில் ஓர் அரசன் வருவான், மூன்றாவதில் ஏலத்தொகை வரும். இதற்குப் பெயர் மரபாம். ஷத்தோ-ஷாலோனுக்கு நேர்ந்திருப்பதும் இதுவே.

கிழக்கு பிரான்ஸில், சுவிட்சர்லாந்தை ஒட்டிய ஜூராப் பகுதியில் சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் அமர்ந்திருக்கும் சிற்றூர் அது. பெயரில் 'ஷத்தோ' இருப்பதால் யாரோ ஒரு பிரபுவின் மாளிகையும் தோட்டமும் என்று எண்ணிவிடக் கூடாது, இது ஊர்ப்பெயர். பாறைக்குக் கீழே செங்குத்தாகச் சரியும் சாம்பல் நிறக் களிமண் சரிவுகளில் சவாஞான் என்ற வெள்ளைத் திராட்சை வளர்கிறது. மெனெத்ரு, நெவி, தோம்ப்லான் ஆகிய அண்டை ஊர்களையும் சேர்த்து நான்கே ஊர்கள், ஏறத்தாழ ஐம்பது அறுபது ஹெக்டேர் நிலம். 1936 மே மாதத்தில் சட்டம் இந்தப் பெயரை அங்கீகரித்தது.

இங்கே ஒரு கன்னிமாடம் இருந்தது; பிரெஞ்சுப் புரட்சியோடு அது அழிந்தது. இவை உண்மை. ஆனால் கன்னியர் ஹங்கேரியிலிருந்து இந்தக் கொடியைத் தருவித்தார்கள் என்ற கதை, சுற்றுலாக் கையேடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதால் வரலாறாகிவிட்ட கதை. சவாஞானும் ஜெர்மானிய நாடுகளில் டிராமினர் என வழங்கும் கொடியும் ஒன்றே என்று மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. கதை அழகானது என்பதில் நமக்கு மறுப்பில்லை. அழகான கதையை நிலத்தின் குணத்துக்குச் சான்றாக வைப்பதைத்தான் மறுக்கிறோம்.

ஏலத்தொகையும் அப்படியே. 2018 மே மாதம் லோன்ஸ்-லெ-சோனியே நகரில் 1774ஆம் ஆண்டின் மஞ்சள் வைன் புட்டியொன்று ஒரு லட்சத்து மூவாயிரம் யூரோவுக்கு மேல் விலைபோனபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அது இந்த ஊரின் வைன்கூட அல்ல, வடக்கே உள்ள ஆர்புவா ஊருடையது. பிரான்ஸின் ஐந்து தலைசிறந்த வெள்ளை வைன்களில் ஒன்று என்று உணவு எழுத்தாளர் கூர்னோன்ஸ்கி ஷத்தோ-ஷாலோனுக்கு இடமளித்ததையும் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். பட்டியலில் இடம்பெறுவது ஒரு வைனின் குணமாகாது.

குணம் எது என்றால், பீப்பாயில் தொடங்க வேண்டும். உலகெங்கும் பீப்பாயில் மது ஆவியாகிக் குறையக் குறைய, மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்ற அச்சம். இங்கே நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் காற்று புகுகிறது, காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல் ஈஸ்ட்டின் மெல்லிய படலம் மதுவின் மேல் படிகிறது. அந்த ஆடைதான் மதுவைக் காக்கவும் மாற்றவும் செய்கிறது. அறுவடைக்குப் பின்வரும் ஆறாம் ஆண்டின் டிசம்பர் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டும். அதில் ஐந்தாண்டுகளேனும் இந்த ஆடையின் கீழ். எல்லாப் பீப்பாய்களும் தேறுவதில்லை. சிலவற்றில் ஆடை கிழிந்து மது புளிக்காடியாகிறது. தேறியதை கிளாவ்லான் என்ற கட்டைக் கழுத்துப் புட்டியில் அடைக்கிறார்கள். கொள்ளளவு 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டர் மதுவில் ஆறாண்டுக்குப் பின் எஞ்சுவது அவ்வளவுதான் என்பது ஊரார் கணக்கு. (நிலவறைக்கு நிலவறை இந்தக் கணக்கு மாறும் என்பது அவர்களுக்கும் தெரியும்.)

வெளியாள் முதல்முறை முகர்ந்தால் கெட்டுப்போன மது என்றே சொல்வான். அக்ரூட், காய்ந்த பழம், அவற்றுக்கு அடியில் வேறொரு நெடி. ஆங்கிலச் சுவைக்குறிப்பாளர்கள் அதைக் 'கறி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்தக் கறி, யார் வீட்டுக் கறி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சோட்டோலோன் என்ற வேதிப்பொருளே அந்த மணத்துக்குக் காரணம். வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தருவதும் அதுவே. நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதை நம் பெயரை ஒட்டவைத்து நமக்கே அந்நியமாக்குகிற சொல் அந்தக் 'கறி'. வெந்தயம் என்றால் முடிந்தது.

ஆனால் ஆடையும் ஆறாண்டுக் காத்திருப்பும் ஷத்தோ-ஷாலோனுக்கு மட்டும் உரியவை அல்ல. ஆர்புவாவிலும் மற்ற ஜூரா ஊர்களிலும் மஞ்சள் வைன் செய்கிறார்கள். இவ்வூரைப் பிரித்துக் காட்டுவது எதுவென்று நாம் கருதுகிறோமோ அதைக் கையேடுகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அறுவடைக்கு முன் ஒரு குழு கொடிகளுக்கிடையே நடந்து வருகிறது. பழுத்திருக்கிறதா, அழுகல் உண்டா, கொடியில் அளவுக்கு மீறிக் காய்த்திருக்கிறதா என்று பார்க்கிறது. தேறாத ஆண்டில் ஊர்ப்பெயரை யாரும் இடுவதில்லை. 1974, 1980, 1984, 2001. இந்த நான்கு ஆண்டுகளிலும் ஷத்தோ-ஷாலோன் என்ற பெயரில் ஒரு புட்டிகூட இல்லை. மண் அதே மண், கொடி அதே கொடி, உழைத்தவர்களும் அவர்களே. திராட்சை 'கோத் து ஜூரா' என்ற பொதுப்பெயருக்குப் போயிற்று.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும், அதை ஒதுக்க முடியாது. மழையும் அழுகலும் எல்லாச் சரிவுகளையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. பக்கத்துக்காரன் தோட்டம் அழுகியிருக்க, தன் துண்டு நிலத்தில் நாள்தோறும் நின்று இலை கிள்ளி, குலை கழித்து நல்ல பழம் எடுத்த ஒருவனும் அந்த ஆண்டில் ஊர்ப்பெயரை இழக்கிறான். இது அநீதி இல்லையா? அநீதிதான். தனிப் படைப்பாளியின் மேதைமையையே வைனில் தேடுகிற இன்றைய ரசனைக்கு இது காட்டுமிராண்டித்தனமாகவே படும். புட்டியின் மேல் ஊரைவிட உழவனின் பெயர் பெரிதாக அச்சிடப்படும் காலம் இது.

எனினும் நாம் அந்தக் குழுவின் பக்கமே நிற்கிறோம். ஊர்ப்பெயர் அவன் ஒருவன் ஈட்டியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருபதாயிரம் ஹெக்டேர் அளவுக்கு இருந்த ஜூராவின் திராட்சைப் பரப்பு, ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சிக்குப் பின் சுருங்கிச் சுருங்கி இன்று இரண்டாயிரம் அளவில் நிற்கிறது. அந்தப் பேரழிவை ஒட்டி பிரான்ஸ் முழுவதும் போலி வைன் பெருகியதன் எதிர்வினையாகவே 1935ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பெலாசியோன் முறையும் வந்தன. பெயர் பொதுச்சொத்தாக வைக்கப்பட்டதற்கு அதுவே காரணம். நல்ல ஆண்டில் அந்தச் சொத்தின் விலையை வாங்கிக்கொள்கிறவன் கெட்ட ஆண்டில் மட்டும் தனிமனிதனாகிவிட முடியாது.

அப்படியானால் இது தியாகமா என்று கேட்டால், அல்ல. பெயரைக் காப்பது விலையைக் காப்பதும்தான். ஊரார் கணக்குத் தெரிந்தவர்கள். அவர்களை முனிவர்களாக்கும் எழுத்து, கன்னியரைக் கொடி கொண்டுவரச் செய்த எழுத்தின் தம்பி. தன்னலம் கலந்திருந்தும் நான்குமுறை 'இல்லை' என்று சொன்னார்கள் என்பதே நமக்கு முக்கியம். தன்னலம் கலந்திருக்கும்போது பிற இடங்களில் பெரும்பாலும் 'ஆம்' என்றுதான் சொல்லப்படுகிறது.

இனிமேல் அப்படிச் சொல்வது எளிதாக இராது. 2021 ஏப்ரலில் உறைபனி ஜூராவின் தளிர்களைக் கருக்கியது. 2024இல் மறுபடியும் உறைபனி, தொடர்ந்து பூஞ்சை நோய், விளைச்சலில் பெரும்பகுதி போயிற்று. இன்று கொடியில் இருப்பது ஆறாண்டு கழித்தே பணமாகும் தொழிலில், கையில் மிஞ்சிய சிறு அறுவடையையும் நோக்கி 'இது நம் பெயருக்குத் தகாது' என்று சொல்வதற்கு, 1974இல் வேண்டியிருந்ததைவிடப் பெரிய நெஞ்சுரம் வேண்டும். மரபைப் பற்றி எழுத வருகிறவர்கள் அந்தக் குழுவின் பின்னால் சரிவில் இறங்கிப் பார்க்கட்டும். 1774இன் புட்டிக்கு ஏலம் கேட்கிறவர்களுக்கும் ஒரு சொல்: 2001 என்று பொறித்த ஷத்தோ-ஷாலோன் புட்டியை எவரேனும் நீட்டினால் கைதொட வேண்டாம். அது போலி.