மழையில் பழவேற்காடு: நடங்க, படகு கேட்காதீங்க

"இந்த வீக்எண்ட் பழவேற்காடு போலாமா?" மழை தொடங்கினாலே டிரெக்கிங் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். தாராளமா போங்க. பூநாரைகள் வரத் தொடங்கும் நேரம். டச்சுக் கல்லறைகளை நடந்தே பார்க்கலாம். ஆனா கரையில் நின்று "அண்ணா, முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு" என்று மட்டும் கேட்காதீங்க.

2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகு சவாரிக்குத் தடை வந்தது அதற்குப் பிறகுதான்.

ஏரி பல இடங்களில் ஆழமில்லாதது; ஏமாற்றுவதே அதுதான். மழையில் ஆரணி ஆற்று வெள்ளம் முகத்துவாரம் வழியே கடலுக்குப் பாயும், எதிரே அலை ஏறி வரும். நேத்து இருந்த மணல்திட்டு இன்னைக்கு அங்கே இருக்காது.

மீனவர் ஏன் சம்மதிக்கிறார்? இறால் பிடிக்க எந்தக் குழு எந்த நாள் எங்கே வலை கட்டலாம் என்பதை இங்கே 'பாடு' முறையில் பிரித்துக்கொள்கிறார்கள். பாடு இல்லாத நாளில் நீங்கள் நீட்டும் பணத்தை மறுப்பது லேசல்ல. ஏதாவது ஆனால் வழக்கு அவர்மேல். உங்களுக்கு அதுவரை அது ஒரு ரீல்.

வெறும் தடை போதாது என்பேன். 2018 குரங்கணி தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' 40 பாதைகளைத் திறந்தது, பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகள். காட்டுக்குச் செய்ததை ஏரிக்கும் செய்யலாமே: லைஃப் ஜாக்கெட், ஆள் கணக்கு, மீனவர் கையிலேயே உரிமம், மழை எச்சரிக்கை நாளில் விடுமுறை. அதுவரை அதே அண்ணனை கரையோரம் நடந்து வழிகாட்டச் சொல்லி, அதே பணத்தைக் கொடுங்க.